பழைய பிளாஸ்டிக் போர்வீரர்களை மீண்டும் வண்ணம் தீட்டத் தயார் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்ற டிசம்பரில் என் அக்கா மகன் ஒரு செருப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மும்பை மாட்டுங்காவில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் போர்வீரர்கள். யாரோ பள்ளி நாட்களில் கெட்டியாகப் பெயிண்ட் பூசி, பாதியில் விட்டுவிட்டவை. "மாமா, தின்னரில் போட்டால் பெயிண்ட் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னார். ஆறு வீரர்களைப் போட்டுப் பார்த்தேன்" என்று இன்னொரு சிறு டப்பாவைத் திறந்து காட்டினான். பெயிண்ட் போயிருந்தது. முகங்களும் போயிருந்தன. ஆறு வீரர்களும் வெல்லப்பாகு போல இளகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தார்கள்.

அதன் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடும் அவன் நண்பர்களோடும் உட்கார்ந்து மீதி வீரர்களை மீட்டெடுத்தோம். அவர்கள் தடுமாறிய இடங்கள் ஏறக்குறைய எல்லாமே கைத்திறன் போதாமல் வந்தவை அல்ல, வரிசை மாறியதால் வந்தவை. அதனால் இங்கே வரிசைக்குத்தான் முதலிடம். ஒவ்வொரு படியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

1. எதையும் நனைப்பதற்கு முன் எண்ணிப் பாருங்கள்

எல்லா வீரர்களையும் ஒரு பழைய செய்தித்தாளில் நிற்க வையுங்கள். உயரம் பார்த்துப் பிரியுங்கள். மேஜை மேல் இந்த வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுகளில் அதிகம் புழங்குபவை இரண்டு: 28 மி.மீ. அளவு வீரர்களும், 1/72 அளவு (நிஜ மனிதனில் 72-ல் ஒரு பங்கு) வீரர்களும். பின்னவர்கள் ஏறக்குறைய இரண்டரை செ.மீ. உயரமே இருப்பார்கள். இரண்டையும் ஒரே படையில் கலந்தால் பெரியவர்களுக்கு நடுவே குழந்தைகள் நிற்பது போல இருக்கும்.

பிறகு திட்டத்தை முடிவு செய்யுங்கள். எந்தப் போர், எந்தப் படை, எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாங்கள் எடுத்துக்கொண்டது 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஜால்னா மாவட்டத்தில் நடந்த அசாயே போர். பிரிட்டிஷ் தளபதி ஆர்தர் வெல்லஸ்லியின் கீழ் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படைச் சிப்பாய்களும் 74, 78ஆம் ஹைலேண்டர் (ஸ்காட்லாந்து) படைப்பிரிவுகளும் மராத்தியப் படையை எதிர்கொண்ட போர் அது. பெட்டியில் இருந்த பிரிட்டிஷ் காலாட்படை பிளாஸ்டிக்குகள் இதற்குப் பெரும்பாலும் பொருந்தின. சிப்பாய்களுக்கு மட்டும் தொப்பியை வெட்டிவிட்டு, உயரமான தலைப்பாகையைப் புட்டியில் செய்ய வேண்டியிருந்தது.

திட்டம் முதலில் வருவதற்குக் காரணம் இதுதான்: எந்த வீரனை முழுதாகச் சுத்தம் செய்ய வேண்டும், எவனை அப்படியே விடலாம், எவனுடைய கையை வெட்டி வேறொருவனுக்குப் பொருத்தலாம் என்பதைத் திட்டம்தான் தீர்மானிக்கிறது. நாற்பது பேரையும் ஊறவைத்துத் தேய்த்துவிட்டு, இருபது பேர் போதும் என்று பிறகு கண்டுபிடித்தால் இரண்டு ஞாயிறுகள் வீண்.

நனைப்பதற்கு முன் கைப்பேசியில் ஒவ்வொரு வீரனையும் முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழன்று விழும் கை யாருடையது என்ற கேள்வி கட்டாயம் வரும்.

2. வாங்க வேண்டியவை

மும்பையில் இரண்டு இடங்களுக்குப் போனால் வேலை முடிந்துவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலுக்கு மரைன் லைன்ஸ் ஸ்டேஷன் பக்கம் பிரின்சஸ் தெரு. கத்தி, சிறு துளைக்கருவி, வாஷர், பித்தளைக் கம்பி, முகமூடி ஆகியவற்றுக்கு மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி நாக்தேவி தெரு. ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே போய்விடுங்கள்.

ஆல்கஹால் வாங்கும்போது 99 சதவீதம் என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். 70 சதவீதத்திலும் வேலை நடக்கும், ஆனால் மெதுவாக. மீதி முப்பது பங்கும் தண்ணீர்தான்.

வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை: மூடி போட்ட கண்ணாடி ஊறுகாய் பாட்டில்கள் இரண்டு, மென்மையான பழைய டூத் பிரஷ், டீ வடிகட்டி, குண்டூசி, பாத்திரம் தேய்க்கும் லிக்விட், ரப்பர் கையுறை. ஊறுகாய் பாட்டிலை எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சமும் இல்லாமல் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவுங்கள். அந்த எண்ணெய் வீரர்கள் மேல் படிந்தால் பிறகு பெயிண்ட் பிடிக்காது. இந்த வேலைக்குப் போன பாட்டிலும் வடிகட்டியும் மறுபடி சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் மூன்றும் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. மூன்றுமே கெட்டி பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பெயிண்டைத்தான் கரைக்கும் என்று கடையில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அவர்கள் இரும்பு கேட்டை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள்.

3. எந்த பிளாஸ்டிக் என்று கண்டுபிடியுங்கள்

புதியவர்கள் தாண்டிப் போகும் படி இதுதான். மிக அதிக இழப்பைத் தருவதும் இதுதான். ‘பிளாஸ்டிக்’ என்பது ஒரே பொருள் அல்ல. கெட்டியான, மாடல் கிட்டுகளில் வரும் பிளாஸ்டிக் பாலிஸ்டைரீன். 1/72 பெட்டிகளில் வரும், துப்பாக்கி முனையைத் தொட்டால் வளையும் மென்மையான பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிஎத்திலீன். சில மென்மையான பொம்மைகள் பிவிசி. ஒவ்வொன்றுக்கும் பசையும் பிரைமரும் (பெயிண்டுக்கு முன் கொடுக்கும் அடிப்பூச்சு) வேறு.

கண்டுபிடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். வீரனின் அடித்தட்டு ஓரத்திலிருந்து நகக்கண் அளவு துண்டை வெட்டுங்கள். அதன் மேல் பெயிண்டோ பசையோ இருக்கக் கூடாது. தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு லிக்விட் விட்டு, துண்டை அடிவரை அமுக்கிவிட்டு விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு, மூழ்க வேண்டிய துண்டும் மிதக்கும்.

மேலே வந்து மிதந்தால் பாலிஎத்திலீன், ஏனென்றால் அது தண்ணீரை விட லேசானது. மூழ்கினால் அடுத்த டம்ளர்: 200 மில்லி தண்ணீரில் சுமார் 50 கிராம் உப்பைக் கரைத்து அதே துண்டைப் போடுங்கள். பாலிஸ்டைரீனின் அடர்த்தி ஏறக்குறைய 1.05. இந்த உப்புத் தண்ணீர் அதை விடக் கனமானது, அதனால் பாலிஸ்டைரீன் மேலே வந்துவிடும். பிவிசி அதிலும் மூழ்கிக் கிடக்கும்.

அக்கா மகனின் நண்பன் ஒருவன் இதைச் செய்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சாம்பல் நிறத் துண்டு தண்ணீரில் டம்ளரின் அடிக்குப் போய்ப் படுத்தது. ஸ்பூனால் எடுத்து உப்புத் தண்ணீருக்கு மாற்றினான். அடிவரை அமுக்கிவிட்டு விரலை எடுத்தான். துண்டு ஒரு கணம் தயங்கி, சாய்ந்து, மெல்ல மேலே ஏறி வந்து தண்ணீர்ப் பரப்பில் நின்றது. அன்றிலிருந்து அவன் எந்த வீரனையும் சோதிக்காமல் பாட்டிலில் போடுவதில்லை.

ரெசினில் வார்த்த வீரர்கள் பெட்டியில் கலந்திருந்தால் கத்தியால் அடிப்பாகத்தைச் சுரண்டிப் பாருங்கள். பாலிஸ்டைரீன் சுருள் சுருளாக வரும், ரெசின் மாவாக உதிரும். ரெசின் வீரர்களைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். கீழே வரும் ஊறவைக்கும் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது.

4. பழைய பெயிண்டை நீக்கத்தான் வேண்டுமா?

எல்லோரும் "ஆம்" என்றுதான் தொடங்குகிறார்கள். என் அனுபவத்தில் பாதி வீரர்களுக்குத் தேவையில்லை.

வீரனை ஜன்னல் ஓரம் பிடித்துச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். கோட்டின் பொத்தான்கள் தனித்தனியாகத் தெரிகின்றனவா? மூக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே நிழல் விழுகிறதா? விரல்கள் பிரிந்து தெரிகின்றனவா? மூன்றுக்கும் ஆம் என்றால் பழைய பெயிண்ட் மெல்லியது. சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, நேராக எட்டாம் படிக்குப் போகலாம். ஊறவைக்கும் ஒவ்வொரு முறையும் மெல்லிய பகுதிகள் உடையும் வாய்ப்பு இருக்கிறது. தேவையில்லாமல் அந்த வாய்ப்பைக் கொடுக்காதீர்கள்.

இன்னொரு விஷயம்: பழைய பெயிண்ட் எந்த வகை என்று பாருங்கள். அக்ரிலிக் என்றால் ஆல்கஹாலில் இளகும். வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமல் என்றால், அதுவும் பல ஆண்டுகள் காய்ந்தது என்றால், ஆல்கஹால் மிகவும் திணறும். பஞ்சை ஆல்கஹாலில் நனைத்து ஒரு நிமிடம் அழுத்தித் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் நல்ல அறிகுறி. ஏறாவிட்டால் எனாமலாக இருக்கலாம். காஸ்டிக் சோடா கலந்த கரைசல்கள் எனாமலை எடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் அவை கண்ணையும் தோலையும் எரிப்பவை. பிள்ளைகள் நடமாடும் வீட்டில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மெல்லிய எனாமலை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அதன் மேலேயே பிரைமர் அடியுங்கள். தடித்த எனாமலில் மூழ்கிப்போன வீரர்களை உதிரி பாகங்களுக்கு ஒதுக்குங்கள்.

5. ஒட்டுகளைப் பிரித்தல்

கைகளோ அடித்தட்டோ கோணலாக ஒட்டியிருந்தால் அதை ஊறவைப்பதற்கு முன்பே பிரியுங்கள். சூப்பர் க்ளூ குளிரில் நொறுங்கும் தன்மை அடைகிறது. வீரனை ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, எடுத்த உடனே இணைப்பை லேசாகத் திருகுங்கள். பெரும்பாலும் ‘டக்’ என்று விட்டுவிடும். வரவில்லை என்றால் வலுக்கட்டாயம் வேண்டாம்.

பிளாஸ்டிக் சிமென்ட் போட்டு ஒட்டியிருந்தால் ஃப்ரீசர் உதவாது. அந்தப் பசை இரு பக்கத்தையும் உருக்கி ஒன்றாக்கிவிடுகிறது, அங்கே பிரிப்பதற்கு இணைப்பு என்று ஒன்றே இல்லை. ரம்பத்தால் அறுப்பது ஒன்றே வழி.

6. ஊறவைத்தல்

முதலில் ஒரே ஒரு வீரன். உள்ளதிலேயே மோசமானவனைத் தேர்ந்தெடுங்கள். அவனை மட்டும் ஆல்கஹாலில் மூழ்கும்படி போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் பிசுபிசுக்கிறதா, வழக்கத்தை விட வளைகிறதா, விரல் நகம் பதிகிறதா? எதுவும் இல்லை என்றால்தான் மற்றவர்கள்.

ஒரு தடவைக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். ஆறு பேரைத் தேய்க்க ஒரு மணி நேரம் ஆகும். இருபது பேரைப் போட்டுவிட்டால் கடைசி வீரன் உங்கள் கைக்கு வருவதற்குள் தேவைக்கு அதிகமாக ஊறியிருப்பான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். 24 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். நீண்ட ஊறலில் சில பழைய பிளாஸ்டிக்குகள் மொறுமொறுப்பாகி, தேய்க்கும்போது கணுக்காலில் ஒடிகின்றன.

இப்போது எச்சரிக்கை. ஐசோபுரொபைல் ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவி காற்றை விடக் கனமானது, தரையோடு பரவும். மும்பை ஃப்ளாட்டுகளில் சமையலறையும் பூஜை மாடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அடுப்பு எரியும்போதும், சாயங்காலம் விளக்கு ஏற்றியிருக்கும்போதும் பாட்டிலைத் திறக்காதீர்கள். பால்கனியிலோ, ஜன்னல் திறந்த அறையிலோ மட்டும் செய்யுங்கள். மூக்குக்கண்ணாடி கழுவும் அல்ட்ராசோனிக் கருவியில் ஆல்கஹாலை ஊற்றவே கூடாது.

ஆல்கஹால் கிடைக்காவிட்டால் தண்ணீர் கலக்காத டெட்டாலில் ஊறவைக்கலாம். இது பல நாடுகளில் மினியேச்சர் தீட்டுபவர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை. இதில் ஒரே ஒரு கண்ணி இருக்கிறது: எடுத்த வீரனை நேராகக் குழாயில் காட்டாதீர்கள். டெட்டால் தண்ணீர் பட்டதும் பால் போல வெளுத்து, இளகிய பெயிண்ட் கறுப்புப் பிசினாக மாறி வீரன் முழுக்க அப்பிக்கொள்ளும். எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்கு அது நடந்தது. மடிப்புகளில் புகுந்த பிசினைக் குண்டூசியால் எடுக்க ஒரு முழு ஞாயிறு போனது. தேய்ப்பதையும் டெட்டாலிலேயே முடியுங்கள், இரண்டாம் பாட்டில் டெட்டாலில் அலசுங்கள், கடைசியில்தான் சோப்பும் தண்ணீரும்.

7. தேய்த்தல், கழுவுதல், உலர்த்துதல்

கையுறை போட்டுக்கொண்டு, டூத் பிரஷை அதே ஆல்கஹாலில் நனைத்து, தலையிலிருந்து காலை நோக்கித் தேயுங்கள். துப்பாக்கி, வாள், ஈட்டி ஆகியவற்றை விரலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, அவற்றின் நீளவாக்கில் மட்டும் பிரஷை ஓட்டுங்கள். குறுக்கே ஓட்டினால் ஒடியும்.

முதல் சில தேய்ப்பில் எதுவும் நடக்காதது போலத் தோன்றும். பிறகு தோள்பட்டையில் தோல் போல ஒரு துண்டு கிளம்பும். அதைப் பிடித்து உரித்தால் சட்டை முழுக்க வரும். பெட்டியில் இருந்த ஒரு கொட்டுக்காரனை நாங்கள் எல்லோரும் வெறும் சிப்பாய் என்றே நினைத்திருந்தோம். மூன்று அடுக்கு பெயிண்ட் கழன்றபோது முரசின் பக்கவாட்டில் கயிறுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவற்றின் நடுவே, பென்சில் முனை அளவில் ஒரு சிறு முடிச்சு. அச்சு வெட்டியவர் அதையும் செதுக்கியிருக்கிறார்.

மடிப்பில் மிஞ்சுவதைக் குண்டூசியால் எடுங்கள். மங்கலாக நிறம் படிந்திருப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், நமக்குத் தேவை நிறமற்ற பிளாஸ்டிக் அல்ல, தடிப்பற்ற பரப்பு. வெள்ளையாகும்வரை தேய்ப்பேன் என்று பிடிவாதம் பிடித்து மூக்கைத் தேய்த்து அழித்தவர்கள் உண்டு.

பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பு லிக்விட் விட்டுக் கழுவுங்கள். குழாய்க்கு அடியில் டீ வடிகட்டியை வைக்க மறக்காதீர்கள், கழன்ற கை சாக்கடைக்குப் போய்விடும். காகிதத்தில் நிற்க வைத்து, மேஜை விசிறிக்கு எதிரே ஓர் இரவு விடுங்கள். வெயிலில் எவர்சில்வர் தட்டில் வைக்காதீர்கள். பாலிஸ்டைரீன் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது இளகத் தொடங்கும், அதற்கு முன்பே மெல்லிய பாகங்கள் வளையும். மே மாத வெயிலில் காயும் தட்டின் மேல் அந்தச் சோதனை வேண்டாம்.

மீந்த ஆல்கஹாலை மூடி வைத்தால் கசடு அடியில் தங்கும். மேலே தெளிந்ததைத் துணியில் வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். கசடைத் தொட்டியில் கொட்டாதீர்கள், பால்கனியில் நிழலில் திறந்து வைத்துக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

8. பழுதுபார்த்தல்

பெயிண்ட் போனதும் இரண்டு அச்சுகள் சேர்ந்த இடத்தில் மெல்லிய வரப்பு தெரியும். தோளிலிருந்து கால்வரை பக்கவாட்டில் ஓடும் அச்சுக்கோடு இது. பழைய வீரர்களில் பெரும்பாலானவர்களுக்கு யாரும் இதை நீக்கியிருக்க மாட்டார்கள். கத்தியின் கூர்ப்பக்கத்தால் வெட்டாமல், முதுகுப்பக்கத்தால் சுரண்டுங்கள். கூர்ப்பக்கம் உள்ளே இறங்கிக் குழி பறிக்கும். இதைப் பிரைமருக்கு முன் செய்தே ஆக வேண்டும், ஏனென்றால் நிறம் ஏறியபின் அந்த வரப்பு இன்னும் துலக்கமாகத் தெரியும்.

மென்மையான பாலிஎத்திலீனைச் சுரண்ட முடியாது, நார் நாராகக் கிளம்பும். புதிய பிளேடால் ஒரே இழுப்பில் சீவுங்கள், அதற்கு மேல் முயல வேண்டாம்.

வளைந்த ஈட்டியையும் துப்பாக்கியையும் நிமிர்த்த: பாலிஎத்திலீன், பிவிசி வீரர்களை அடுப்பிலிருந்து இறக்கிய சுடுநீரில் அரை நிமிடம் முக்கி, இடுக்கியால் நேராகப் பிடித்து, பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றுங்கள். சூடு பழைய வளைவை மறக்கச் செய்கிறது, குளிர்ச்சி புதிய நிலையைப் பிடித்து வைக்கிறது. பாலிஸ்டைரீனுக்குக் கை பொறுக்கும் சூடு மட்டும், அதுவும் பொறுமையாக.

ஒடிந்த ஈட்டிக்குப் பதில் பித்தளைக் கம்பி அல்லது குண்டூசி. கை வழியே 0.8 மி.மீ. துளையிட்டுச் செருகுங்கள். வெறும் சூப்பர் க்ளூவில் முனையோடு முனை ஒட்டிய ஈட்டி முதல் விளையாட்டிலேயே விழும். பாலிஎத்திலீனில் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது, அதில் கம்பி செருகுவது கட்டாயம்.

இடைவெளிகளை நிரப்ப எம்-சீல் போதும், இரண்டு பகுதிகளைப் பிசைந்தால் இறுகும் புட்டி அது. இரு உருண்டைகளையும் ஒரே நிறம் வரும்வரை பிசையுங்கள். கோடு கோடாக இரு நிறம் தெரிந்தால் அந்த இடம் இறுகாது. கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வேலை செய்தால் ஒட்டாது. எங்கள் சிப்பாய்களின் தலைப்பாகையை இதில்தான் செய்தோம்: முதல் நாள் உள்கூடு, அது இறுகியபின் மறுநாள் மேல்மடிப்புகள். ஒரே மூச்சில் செய்ய முயன்றவனின் தலைப்பாகை விரல் பட்டு நசுங்கிக்கொண்டே இருந்தது.

பழைய மென் பிளாஸ்டிக் வீரன் வளைக்கும்போது பிஸ்கட் போல ஒடிந்தால், அந்தப் பிளாஸ்டிக்கே முதிர்ந்துவிட்டது. அதை மீட்க வழியில்லை. அதற்கு நேரம் செலவிடாதீர்கள்.

9. பிடி ஒன்று செய்யுங்கள்

சிறிய படிதான், ஆனால் தவிர்க்காதீர்கள். பழைய மாத்திரை டப்பாவின் மேல் இரட்டைப் பக்க டேப் ஒட்டி வீரனை நிற்க வையுங்கள். இனி வேலை முடியும்வரை வீரனைத் தொடக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை பிரைமரைத் தள்ளிவிடும்.

10. பிரைமர்

பிளாஸ்டிக் வழவழப்பானது, அக்ரிலிக் அதன் மேல் நேராகப் பிடிக்காது. பிரைமர் நடுவே நின்று இரண்டையும் இணைக்கிறது. வேறெந்தப் படியையும் விட மும்பையின் காற்று இந்தப் படியில்தான் விளையாடுகிறது.

ஸ்ப்ரே டப்பாவுக்கு வறண்ட நாள் வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர்வரை நான் ஸ்ப்ரேயைத் தொடுவதில்லை. ஈரக்காற்றில் பிரைமர் பால் படர்ந்தது போல வெளுத்து, நுண்விவரங்களை மறைத்துவிடும். ஒரு சிறு ஈரப்பதமானி வாங்கி வையுங்கள். 70 சதவீதத்தைத் தாண்டினால் அன்று வேறு வேலை பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரிவரை, காலை 11 மணிக்கு மேல் நல்ல நேரம். ஆண்டு முழுவதற்கும் தேவையான வீரர்களை அந்த மூன்று மாதத்திலேயே பிரைமர் அடித்து வைத்துவிடுகிறேன்.

குடியிருப்புச் சொசைட்டியில் சாவி வாங்கி மொட்டை மாடிக்குப் போங்கள். கடல் காற்று வீசுவதால் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, வீரர்களை அதற்குள் நிறுத்துங்கள். முகமூடி போடுங்கள். டப்பாவை முழுதாக இரண்டு நிமிடம் குலுக்குங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், வீரனுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கடந்து போய், வெளியே நிறுத்துங்கள். தொடங்கும் நொடியிலும் நிறுத்தும் நொடியிலும்தான் டப்பா துப்பும். ஒரே அடியில் மூட நினைக்காமல் மூன்று மெல்லிய வீச்சு.

பரப்பு ரவை தூவியது போலச் சொரசொரப்பாக இருந்தால் தூரம் அதிகம், துளிகள் காற்றிலேயே காய்ந்துவிட்டன. வழிந்து மூக்கை மூடினால் தூரம் குறைவு. இரண்டிலும் மேலே பெயிண்ட் அடித்துச் சரிசெய்ய முடியாது, ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.

மழைக்காலத்திலேயே தொடங்கியாக வேண்டும் என்பவர்களுக்குப் பிரஷால் பூசும் அக்ரிலிக் பிரைமர் இருக்கிறது. மெதுவானது, ஆனால் நம்பகமானது. பாலிஎத்திலீன் வீரர்களுக்கு எந்தக் காலத்திலும் இதுதான் என் தேர்வு, ஏனென்றால் துப்பாக்கி வளையும்போது இதுவும் கூடவே வளையும். அவர்களுக்கு அதற்கு முன் தண்ணீரில் கரைத்த ஃபெவிகால் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்துக் காயவிட்டால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

எப்படிப் பூசினாலும் 24 மணி நேரம் விடுங்கள். தொட்டால் காய்ந்தது போல இருப்பது வேறு, இறுகியிருப்பது வேறு.

11. வண்ணம்

முதலில் ஒருவனை முழுதாக முடியுங்கள். அவன் மாதிரி வீரன். நிறத் தேர்வில் இருக்கும் பிழை அவனோடு நின்றுவிடும். பிறகு ஆறு ஆறு பேராக, ஒரே நிறத்தை ஆறு பேருக்கும் பூசி அடுத்த நிறத்துக்குப் போங்கள். ஆறாவது ஆளுக்கு வரும்போது முதல் ஆள் காய்ந்திருப்பான். இருபத்து நான்கு பேரையும் வரிசையாக வைத்தால் சலிப்பு வந்துவிடும், மறுபடி ஒரு செருப்புப் பெட்டிதான்.

நம் ஊர் வெப்பத்திலும் விசிறிக் காற்றிலும் தட்டில் எடுத்த பெயிண்ட் ஐந்து நிமிடத்தில் தோல் கட்டும். ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் நனைத்த ஸ்பாஞ்ச், அதன் மேல் பேக்கிங்குக்குப் பயன்படுத்தும் பட்டர் பேப்பர், அதன் மேல் பெயிண்ட். மூடி வைத்தால் மறுநாளும் ஈரமாக இருக்கும். பெயிண்ட் நீர்மோர் பதத்தில் இருக்க வேண்டும். கெட்டியாக ஒரு முறை பூசுவதை விட மெல்லியதாக இரண்டு முறை. சுத்தம் செய்யப் பட்ட பாடெல்லாம் அந்த நுண்விவரங்களுக்காகத்தான், அவற்றை மறுபடி மூடிவிடாதீர்கள்.

வரிசை: உள்ளேயிருந்து வெளியே. முகம், கை, பிறகு கோட்டு, பிறகு கால்சட்டை, அதன் பின் தோல் வார்கள், பை, துப்பாக்கி. நாம் உடை உடுத்தும் வரிசையேதான். உள்ளடுக்கில் பிரஷ் வழுக்கினாலும் அடுத்த அடுக்கு அதை மூடிவிடும்.

சிவப்புக் கோட்டுக்கு ஒரு குறிப்பு. சிவப்பு நிறமி மூடும் திறன் குறைந்தது, சாம்பல் பிரைமர் மேல் நேராகப் பூசினால் நாலு பூச்சு போட்டாலும் திட்டுத்திட்டாக நிற்கும். முதலில் செம்பழுப்பு ஒரு பூச்சு, அதன் மேல் சிவப்பு. மடிப்புக் குழிகளில் செம்பழுப்பை அப்படியே விட்டால் நிழலும் தானாகக் கிடைத்துவிடும். குறுக்கு வார்களுக்கும் நேராக வெள்ளை வேண்டாம். முதலில் வெளிர் சாம்பல், பிறகு ஓரம் விட்டு நடுவில் மட்டும் வெள்ளை.

உலோக நிறங்களுக்குத் தனி டம்ளர் தண்ணீர். அதன் மினுமினுப்புத் துகள் ஒட்டிக்கொண்டால் அடுத்து தீட்டும் முகம் ஜரிகை போல மின்னும்.

12. அடித்தட்டும் வார்னிஷும்

ஜூஹுவிலிருந்து மணல் எடுத்து வந்தால் நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி உப்பை நீக்கிக் காயவையுங்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், பெயிண்டுக்கு அடியில் கொப்புளம் கட்டும். டீ வடிகட்டியில் சலித்து, ஃபெவிகால் பூசிய அடித்தட்டில் தூவுங்கள். வடிகட்டிய டீத்தூளை நன்றாகக் காயவைத்துத் தூவினால் உதிர்ந்த இலை போலவே இருக்கும். முழுதாகக் காயாத டீத்தூளில் பூஞ்சை வரும்.

வார்னிஷ் இரண்டு பூச்சு. முதலில் பளபளப்பு, அது கடினமானது, விளையாடும் கைகளிலிருந்து காக்கும். மேலே மேட், பளபளப்பை அடக்க. ஸ்ப்ரே என்றால் பிரைமருக்குச் சொன்ன ஈரப்பத விதி இதற்கும் உண்டு, மேட் வார்னிஷ் ஈரக்காற்றில் முடிந்த வேலையின் மேல் வெண்புகை படிய வைத்துவிடும். மழைக்காலத்தில் பிரஷ் மட்டும்.

அடியில் இரும்பு வாஷர் ஒட்டி, காந்த ஷீட் விரித்த பெட்டியில் நிறுத்தினால் வீரர்கள் ஆடாமல் நிற்பார்கள். வாஷருக்கும் ஒரு பூச்சு பெயிண்ட் கொடுங்கள், கடலோரக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு பிடிக்கும். வாஷருக்குப் பதில் சிறு காந்தம் ஒட்டுபவர்கள் பெட்டியைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள்: எவர்சில்வர் டப்பாக்கள் பலவற்றில் காந்தம் ஒட்டாது, பழைய பிஸ்கட் தகர டப்பாவில் ஒட்டும். எங்கள் இருபத்து நான்கு சிப்பாய்களும் இப்போது அப்படி ஒரு தகர டப்பாவில், மூலையில் ஒரு சிலிக்கா ஜெல் பையோடு நிற்கிறார்கள். கொட்டுக்காரன் முன்வரிசையில்.